பாயிங்க் மென்பொருளை மூடினாலும் அது நிற்பதில்லை, மறுபடி தொடங்கினால் பணி பின்னோக்கிப் போகிறது: விண்டோஸில் சரியான வழி என்ன?

டர்பன் கணிநேயன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் உள்ள விண்டோஸ் 11 கணினியில் மூன்று ஆண்டுகளாகப் பாயிங்க் மென்பொருளை ஓட்டி வருகிறேன். அறிவியல் திட்டங்களிடம் கணக்குப் பணிகளை வாங்கி, நம் வீட்டுக் கணினியில் ஓட்டி, விடையைத் திருப்பி அனுப்பும் மென்பொருள் அது. கிராஃபிக்ஸ் அட்டையில் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தின் பணிகள் ஓடுகின்றன. பிராசஸரில் வேறு இரண்டு திட்டங்களின் பணிகள் ஓடுகின்றன. வடக்குக் கேப் மாகாணத்தின் கரூ வெளியில் நிற்கும் மீர்கேட் தொலைநோக்கியின் 64 அலைவாங்கிகள் பதிவு செய்த தரவில் பல்சர்களை, அதாவது வேகமாகச் சுழலும் ஒருவகை விண்மீன்களை, தேடும் வேலையில் ஒரு சிறு பங்கு என் அறைக்குள்ளேயே நடக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஆகவே இந்தச் சிக்கலை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

அட்டவணை போட்டு வந்த லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு இப்போது ஓய்ந்திருந்தாலும், கோடைக்கால இடிமழையின்போதும் பழுது பார்க்கும் நாள்களிலும் எங்கள் தெருவில் மின்சாரம் போய்விடுகிறது. என்னிடம் உள்ள யுபிஎஸ் பத்து நிமிடம்தான் தாங்கும். மின்சாரம் போகப் போகிறது என்று தெரிந்ததும் பாயிங்க் சாளரத்தின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடுகிறேன். சாளரம் மறைந்துவிடுகிறது, ஆனால் விசிறியின் இரைச்சல் குறைவதே இல்லை. வேறு வழியின்றி விண்டோஸை அணைத்துவிடுகிறேன். மின்சாரம் வந்த பிறகு தொடங்கினால், 71 விழுக்காட்டில் இருந்த ஒரு பணி 38 விழுக்காட்டில் இருந்து மறுபடி ஓடுகிறது. சென்ற வாரம் ஒன்று சுழியத்துக்கே போய்விட்டது.

சில நாள்களில் ஃபைல் மெனுவில் உள்ள எக்ஸிட் கட்டளையைக் கொடுத்து மூடிவிட்டு, உடனே மறுபடி திறந்து பார்த்தேன். அப்போது மேனேஜரின் கீழ் ஓரத்தில் 'இணைப்பு இல்லை' என்று காட்டுகிறது. பதிவுக் கோப்பைத் திறந்தால் 'இன்னொரு பாயிங்க் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தம்பியின் வீட்டில் இருந்தபடி ரிமோட் டெஸ்க்டாப் வழியாக என் கணினியில் பாயிங்க்கைத் தொடங்கினால், கிராஃபிக்ஸ் அட்டையே இல்லை என்கிறது.

எல்லாவற்றையும் நீக்கி, தரவுக் கோப்புறையையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன் அனுபவம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.


லெனேசியா மூத்தவன் எழுதிய மறுமொழி:

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள்: தரவுக் கோப்புறையில் கை வைக்காதீர்கள். அதை அழித்தால் பாதி முடிந்த பணிகள் அனைத்தும் போய்விடும், திட்டங்களின் சர்வர்கள் உங்கள் கணினியைப் புதிய கணினியாகப் பதிவு செய்யும், பழுது மட்டும் அப்படியே இருக்கும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மென்பொருள் கெட்டுப்போகவில்லை.

பாயிங்க் என்பது ஒரே நிரல் அன்று. நீங்கள் கண்ணால் பார்க்கும் சாளரம் மேனேஜர். அதற்குப் பின்னால், சாளரமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கிளையன்ட் என்ற நிரல்தான் சர்வரிடம் பணி கேட்டு வாங்குகிறது, எந்தப் பணி எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறது, முடிந்ததை அனுப்புகிறது. அந்தக் கிளையன்ட் தொடங்கிவைக்கும் தனித்தனி நிரல்கள்தான் உண்மையில் கணக்குப் போடுகின்றன. உங்கள் விசிறியைச் சுழல வைப்பவை அவையே. மேனேஜர், உங்கள் கணினிக்குள்ளேயே 31416 என்ற போர்ட் வழியாகக் கிளையன்ட்டிடம் பேசுகிறது, அவ்வளவுதான். பெருக்கல் குறியை அழுத்தும்போது மேனேஜர் சாளரம் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு சின்னமாக ஒடுங்கிக்கொள்கிறது. கிளையன்ட்டுக்கும் பணிகளுக்கும் அதனால் எந்தச் செய்தியும் போவதில்லை.

எக்ஸிட் கொடுத்தபோதும் நிற்கவில்லை என்றால், அதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஒரு சிறிய பெட்டியைத்தான். எக்ஸிட் கொடுத்ததும் ஒரு கேள்விப் பெட்டி வரும். அதில் இரண்டு கட்டங்கள் இருக்கும். 'வெளியேறும்போது ஓடும் பணிகளை நிறுத்து' என்பது ஒன்று, 'இந்த முடிவை நினைவில் வை, இனி கேட்காதே' என்பது இன்னொன்று. முதல் கட்டத்தை விட்டுவிட்டு இரண்டாவதில் மட்டும் எப்போதோ ஒரு நாள் டிக் செய்திருந்தால், அன்று முதல் மேனேஜர் மட்டும் வெளியேறும், கிளையன்ட் சத்தமின்றி ஓடிக்கொண்டே இருக்கும், அந்தக் கேள்வியும் உங்கள் கண்ணில் படாது. ஆப்ஷன்ஸ் மெனுவில் 'அதர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய், வெளியேறும்போது கேள்விப் பெட்டியைக் காட்டச் சொல்லும் இடத்தில் மறுபடி டிக் செய்யுங்கள். அடுத்த முறை எக்ஸிட் கொடுக்கும்போது பெட்டி வரும். அப்போது முதல் கட்டத்தில் டிக் செய்துவிட்டு ஓகே கொடுங்கள்.

அதற்குப் பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, விரிவான பட்டியலை எழுத்து வரிசையில் வைத்துப் பாருங்கள். கணக்குப் போடும் நிரல்கள் ஒவ்வொன்றாக மறையும், கடைசியில் கிளையன்ட் மறையும். அந்த வரி மறையும் வரை கணினியை அணைக்கவும் கூடாது, பாயிங்க்கை மறுபடி திறக்கவும் கூடாது. 'இன்னொன்று ஓடுகிறது' என்ற செய்தி உங்களுக்கு வந்ததன் காரணம் இதுவே: பழைய கிளையன்ட் இன்னும் தன் பணிகளை நிறுத்திவிட்டு வெளியேறவில்லை, தரவுக் கோப்புறையில் அது போட்டு வைத்த பூட்டுக் கோப்பும் விடுபடவில்லை, அதற்குள் நீங்கள் இரண்டாவதைத் தொடங்கிவிட்டீர்கள். ஒரே கோப்புறையை இரண்டு கிளையன்ட்கள் ஒரே நேரத்தில் எழுதினால் எல்லாம் குழம்பிப்போகும் என்பதால்தான் இரண்டாவது தானாகவே விலகிக்கொள்கிறது. அது உங்களைக் காப்பாற்றிய செய்தி.

விழுக்காடு பின்னோக்கிப் போவதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு பணியும் அவ்வப்போது தன் நிலையை வட்டில் எழுதி வைக்கும்; அதைச் செக்பாயின்ட் என்கிறோம். மறுபடி தொடங்கும்போது கடைசிச் செக்பாயின்ட்டில் இருந்துதான் ஓடும். அமைப்புகளில் 60 வினாடி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை சேமிக்கப்படுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் பொருள், 60 வினாடிக்கு ஒரு முறைக்கு மேல் எழுத வேண்டாம் என்பது மட்டுமே. எப்போது எழுத முடியும் என்பதைப் பணியின் கணக்குமுறைதான் தீர்மானிக்கிறது. சில பணிகள் நீண்ட நேரம் எழுதாமலேயே ஓடும். பணியைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பொத்தானை அழுத்தினால், கடைசிச் செக்பாயின்ட்டுக்குப் பிறகு எவ்வளவு நேரம் கணக்கிடப்பட்டது என்று ஒரு வரி காட்டும். நிறுத்தினால் நீங்கள் இழக்கப்போவது அந்த நேரத்தை மட்டுமே. மின்வெட்டுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்றால், அந்த எண் சிறியதாகும் தருணம் பார்த்து நிறுத்துவது நல்லது.


பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியை எழுதிய மறுமொழி:

மூத்தவர் சொன்னவை அனைத்தும் சரி. ரிமோட் டெஸ்க்டாப் பற்றி அவர் தொடவில்லை என்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கிளையன்ட் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் கிராஃபிக்ஸ் அட்டை இருக்கிறதா என்று ஒரு முறை தேடிப் பார்க்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்தபின் தொடங்கினால், அந்த அமர்வில் விண்டோஸ் காட்டுவது உண்மையான அட்டையாக இல்லாமல் போகலாம். கிளையன்ட்டும் அட்டை இல்லை என்று குறித்துக்கொண்டு, மறுபடி தொடங்கும் வரை அந்த முடிவிலேயே இருக்கும். ஆகவே தொலைவில் இருந்து தொடங்காதீர்கள். கணினிக்கு முன்னால் உட்கார்ந்து உள்நுழைந்து தொடங்குங்கள். திரையை அப்படியே பகிரும் வேறு வகை மென்பொருள்களில் பொதுவாக இந்தத் தொல்லை வருவதில்லை, ஏனென்றால் அவை புதிய அமர்வு எதையும் உருவாக்குவதில்லை.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறுவும்போது, யாரும் உள்நுழையாமலேயே பின்னணியில் ஓடும் விண்டோஸ் சர்வீஸாக ஓட்டும் தெரிவைத் தேர்ந்தெடுத்திருந்தால், கிராஃபிக்ஸ் அட்டையில் எந்தப் பணியும் ஓடாது. உங்களுக்கு நேரில் தொடங்கும்போது அட்டை தெரிகிறது என்பதால் அது உங்கள் வழக்கு அன்று என்று நினைக்கிறேன். இருந்தாலும் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, பாயிங்க் என்ற பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால், மேனேஜரின் எக்ஸிட்டை நம்பாமல், அந்தப் பட்டியலிலேயே நிறுத்தி, அங்கேயே தொடங்க வேண்டும்.

விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுவதுமாக அணைகிறது என்று நினைக்கிறோம். ஆனால் இந்த வசதி இயங்கும்போது, உங்கள் கணக்கு மூடப்பட்டு, விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதி வைக்கப்படுகின்றன. டிரைவரில் ஏதாவது கோளாறு இருந்தால், ஷட் டவுன் செய்து திறந்தாலும் அதே கோளாறு எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். எங்கள் வகுப்பறைக் கணினிகளில் ஒன்று இரண்டு நாள் அட்டையைக் காட்டாமல் அடம்பிடித்தது. நான்கு முறை ஷட் டவுன் செய்து திறந்த பிறகு, ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் சரியானது. அன்று மாலையே கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அந்த வசதியை எல்லாக் கணினிகளிலும் நீக்கிவிட்டேன்.

இன்னொரு செய்தி: உங்கள் யுபிஎஸ்ஸின் பின்புறம் யுஎஸ்பி துளை இருந்தால், ஒரு கேபிள் போட்டுக் கணினியோடு இணையுங்கள். அதன்பின் விண்டோஸ் அதை ஒரு பேட்டரியாகப் பார்க்கும். பாயிங்க் அமைப்புகளில் 'பேட்டரியில் ஓடும்போது நிறுத்தி வை' என்ற இடத்தில் டிக் செய்துவிட்டால், மின்சாரம் போனதும் அதுவே பணிகளை நிறுத்தி வைக்கும். கணக்கு நின்றுவிட்டால் கணினி இழுக்கும் மின்சாரமும் வெகுவாகக் குறையும் என்பதால், உங்கள் பத்து நிமிடம் இன்னும் கொஞ்சம் நீளும்.


டர்பன் கணிநேயன் எழுதியது:

அண்ணா, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அதர் ஆப்ஷன்ஸ் பகுதியில் கேள்விப் பெட்டிக்கான இடம் டிக் இல்லாமல்தான் இருந்தது. எப்போது அப்படிச் செய்தேன் என்றே நினைவில்லை. டிக் செய்துவிட்டு எக்ஸிட் கொடுத்தேன், பெட்டி வந்தது, 'பணிகளை நிறுத்து' என்ற கட்டம் காலியாக இருந்தது. ஆக, இத்தனை நாளும் கிளையன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதேதான் விண்டோஸை அணைத்து வந்திருக்கிறேன். இம்முறை டிக் செய்து ஓகே கொடுத்துவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பார்த்தபடி இருந்தேன். எட்டுப் பணிகளில் ஆறு உடனே மறைந்தன, ஏழாவது சில வினாடி கழித்து மறைந்தது, எட்டாவது ஏறக்குறைய அரை நிமிடம் நின்றது. அது மறைந்த பிறகே கிளையன்ட் மறைந்தது. விசிறியின் சத்தம் இறங்கி அறை அமைதியானபோதுதான், உண்மையில் நிறுத்துவது என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது.

சர்வீசஸ் பட்டியலில் பாயிங்க் இல்லை. ஆனால் பதிவில் இன்னொரு செய்தி அடிக்கடி வருகிறது: பணி சுழியம் என்ற நிலையோடு வெளியேறியது, ஆனால் முடிந்ததற்கான கோப்பு இல்லை, இது தொடர்ந்து நடந்தால் திட்டத்தை ரீசெட் செய்ய வேண்டியிருக்கும் என்கிறது. ரீசெட் செய்துவிடலாமா?


லெனேசியா மூத்தவன் எழுதிய மறுமொழி:

இப்போது ரீசெட் வேண்டாம், தம்பி. ரீசெட் செய்தால் அந்தத் திட்டத்தின் பணிகள் அனைத்தும் தூக்கி எறியப்படும். அந்தச் செய்தியின் பொருளைச் சொல்கிறேன். கிளையன்ட் ஒவ்வொரு பணிக்கும் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டே இருக்கும். 30 வினாடிகளுக்கு அந்தச் செய்தி வராவிட்டால், கிளையன்ட் செத்துவிட்டது என்று கருதிப் பணி தானாகவே வெளியேறிவிடும். கேட்பாரற்றுப் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வட்டு மிகவும் திணறும்போதும், வைரஸ் தடுப்பு மென்பொருள் தரவுக் கோப்புறையைத் துருவும்போதும், கணினி உறக்கத்தில் இருந்து எழும்போதும் இது நடப்பது உண்டு. பணி கடைசிச் செக்பாயின்ட்டில் இருந்து மறுபடி தொடங்கும், அவ்வளவே. எப்போதாவது ஒரு முறை என்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. அடிக்கடி என்றால், வைரஸ் தடுப்பு மென்பொருளில் பாயிங்க்கின் தரவுக் கோப்புறைக்கு விலக்குக் கொடுங்கள். அது சி டிரைவில், ப்ரோகிராம் டேட்டா என்ற மறைந்திருக்கும் கோப்புறைக்குள் இருக்கிறது.

அந்தக் கோப்புறையில்தான் கிளையன்ட் ஸ்டேட் என்ற கோப்பு இருக்கிறது. எந்தத் திட்டம், எந்தப் பணி, எவ்வளவு ஓடியது என்ற மொத்தக் கணக்கும் அதில்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் அது கெட்டால், முந்தைய பிரதி ஒன்று பக்கத்திலேயே இருக்கும். கிளையன்ட் அதை எடுத்துக்கொள்ளும். கிளையன்ட் முழுவதும் நின்ற பிறகு அந்தக் கோப்புறையை நீங்களும் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். ஆனால் சில நாள் கழித்துப் பழைய பிரதியைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள்: ஒவ்வொரு முறை பேசும்போதும் சர்வர் ஒரு வரிசை எண்ணைக் குறித்து வைக்கிறது, பழைய எண்ணோடு போய் நின்றால் உங்கள் கணினியை வேறொன்று என்று கருதிப் புதிய அடையாளம் கொடுத்துவிடும்.


மெரிபேங்க் மாணவி எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் மடிக்கணினியில், செர்ன் ஆய்வகத்தின் துகள் இயற்பியல் திட்டமான எல்எச்சி அட் ஹோம் பணிகளை ஓட்டுகிறேன். அவை, கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கும் வெர்ச்சுவல் பாக்ஸ் மென்பொருள் மூலம் ஓடுபவை. மூத்தவர் சொன்னபடி எக்ஸிட் கொடுத்தேன். மறுபடி தொடங்கியதும் ஒரு பணி, மெய்நிகர் கணினியைக் கையாள முடியவில்லை என்று சொல்லி ஒத்திவைக்கப்பட்ட நிலையில் நிற்கிறது. இதற்கு என்ன செய்ய வேண்டும், அங்கிள்?


லெனேசியா மூத்தவன் எழுதிய மறுமொழி:

அந்த வகைப் பணிக்குள் ஒரு முழுக் கணினியே ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மா. அதை நிறுத்தும்போது அதன் நினைவகம் முழுவதையும் வட்டில் எழுதியாக வேண்டும். சாதாரணப் பணி போல ஒரு நொடியில் முடியாது. நான்கைந்து பணிகள் ஒரே நேரத்தில் அப்படி எழுதத் தொடங்கினால், வட்டு திணறும், நேரம் கடந்துவிடும், நீங்கள் கண்ட நிலை வரும். தானாக விட்டால் அது ஒரு நாள் கழித்துத்தான் மறுபடி முயலும். பாயிங்க்கை முறையாக நிறுத்தி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் உடனே ஓடத் தொடங்கிவிடும்.

இனிமேல் நிறுத்தும்போது, முதலில் ஆக்டிவிட்டி மெனுவில் சஸ்பெண்ட் கொடுங்கள். 'நிறுத்தி வைக்கும்போதும் பணிகளை நினைவகத்தில் வைத்திரு' என்ற தெரிவில் டிக் இல்லாமல் இருந்தால், அப்போதே அவை தம்மை எழுதிவிட்டு வெளியேறும். டாஸ்க் மேனேஜரில் வட்டின் வேலை தணியும் வரை ஓரிரு நிமிடம் பொறுங்கள், பிறகு எக்ஸிட் கொடுங்கள். ஓட்டும் பணிகளின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினிக்கு இரண்டு போதும் என்பது என் கருத்து. மறுபடி தொடங்கிய பின் சஸ்பெண்டை நீக்க மறந்துவிடாதீர்கள், அது அப்படியே நினைவில் இருக்கும்.


பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியை எழுதியது:

கணிநேயன் தம்பிக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் மெனுவைத் தேட வேண்டாம் என்றால், பாயிங்க் சிஎம்டி என்ற கட்டளைநிரல் நிறுவல் கோப்புறையிலேயே இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் தரவுக் கோப்புறைக்குள் நின்றுகொண்டு, இரண்டு சிறுகோடு சேர்த்து 'குவிட்' என்று கொடுத்தால், அது கிளையன்ட்டையே வெளியேறச் சொல்லும். தரவுக் கோப்புறைக்குள் நின்று கொடுப்பது ஏனென்றால், அதற்கான கடவுச்சொல் கோப்பு அங்கேதான் இருக்கிறது. அந்தக் கட்டளையை, சொடுக்கினால் தானே ஓடும் ஒரு பேட்ச் கோப்பாக எழுதி டெஸ்க்டாப்பில் வைத்துக்கொண்டால், நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது இடி இடித்தால் வீட்டில் உள்ளவர்கள்கூட இரட்டைச் சொடுக்கில் நிறுத்திவிடலாம். டாஸ்க் மேனேஜரில் 'எண்ட் டாஸ்க்' கொடுத்துக் கிளையன்ட்டைக் கொல்வதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.


டர்பன் கணிநேயன் எழுதியது:

பேட்ச் கோப்பை எழுதி, என் துணைவியாருக்கும் காட்டி வைத்தேன். யுபிஎஸ்ஸுக்கு யுஎஸ்பி கேபிளும் வாங்கிப் போட்டேன். வைத்திருக்கும் பணிகளின் இருப்பை அரை நாளுக்குக் குறைத்துவிட்டேன், மின்சாரம் நீண்ட நேரம் வராவிட்டாலும் கெடு தவறக் கூடாது என்பதற்காக.

சனிக்கிழமை மாலை இடியோடு மழை வந்து, நான்கு மணி வாக்கில் மின்சாரம் போனது. நான் கடைக்குப் போயிருந்தேன். பணிகள் தாமாகவே நின்றுவிட்டன என்றும், பிறகு அந்தக் கோப்பைச் சொடுக்கி, கிளையன்ட் மறைந்ததைப் பார்த்துவிட்டுக் கணினியை அணைத்ததாகவும் துணைவியார் சொன்னார். இரவு ஏழரைக்கு மின்சாரம் வந்ததும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து தொடங்கினேன். கிராஃபிக்ஸ் அட்டை முதல் வரியிலேயே தெரிந்தது. மீர்கேட் பணி 64 விழுக்காட்டில் நின்றிருந்தது, 63இல் தொடங்கியது.